பட்டிக்கன்றும் பட்டத்து யானையும்

சைவ சித்தாந்த நூல்கள் உயிரைப் 'பசு' என்னும் பெயரால் வழங்குகின்றன. பாசத்தாற் கட்டுண்டது யாது, அது பசு. ஆவினுக்கும் அப்பெயரே உரியது. தறியிற் கட்டுண்டு நிற்கும் ஆவும் மலத்தாற் கட்டுண்டு நிற்கும் உயிரும் ஒரு சொல்லால் உணர்த்தப்படுதல் தற்செயலாய் நேர்ந்ததன்று. இரண்டும் தாமாக அவிழ்த்துக்கொள்ளமாட்டாக் கட்டினையுடையன என்பதே அதன் கருத்து. ஆயினும், இச்சொல்லை நாடோறும் ஓதுவாருட் பலர், பசு என்றவழி மக்களுயிரையே கருதி, ஏனை உயிர்களை மறந்தொழிகின்றனர். உடம்பு வேறுபடினும் உயிர் வேறுபடாது என்பது சித்தாந்தத்தின் துணிபு. எறும்பின் உடம்பில் நிற்பதும் யானையின் உடம்பில் நிற்பதும் மறையவன் உடம்பில் நிற்பதும் ஓரினப் பொருளே. இத்துணிபு ஏட்டளவில் நின்றுவிட்டதா, வாழ்க்கையில் இறங்கியதா என்பதைச் சோதித்தற்கு ஏற்ற நிலம் ஒன்று கொங்குநாட்டில் உண்டு, அது தொண்டாமுத்தூர்.

கோயம்புத்தூருக்கு மேற்கே, தென்கயிலை என்று போற்றப்படும் வெள்ளியங்கிரி மலையின் அடிவாரத்தை நோக்கிப் பரந்து கிடக்கும் வளநிலம் அது. வாழையும் பாக்கும் தென்னையும் மஞ்சளும் காய்கறிகளும் அங்கே விளைகின்றன. விளைநிலம் முடியுமிடத்திற் காடு தொடங்குகின்றது. இரவில் யானைகள் காட்டினின்றும் இறங்கித் தோட்டங்களிற் புகுகின்றன. உழவன் விளக்கும் வெடியும் கொண்டு காவலிருக்கின்றான். ஒருநாள் வாழை அழிகின்றது. ஒருநாள் மனிதன் மாள்கின்றான். ஒருநாள் யானை மாள்கின்றது. 'குற்றம் எவருடையது?' என்னும் வினா அங்கே ஆண்டுதோறும் எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை கூறத்தக்க வரலாறுகள் மூன்று கொங்குநாட்டுச் சிவத்தலங்களிலேயே உள்ளன. பேரூரில் ஒரு கன்று. அவிநாசியில் ஒரு முதலை. கருவூரில் ஒரு யானை. இம்மூன்றும் தனித்தனியே பலகாலும் பேசப்பட்டவை. ஆனால் இவற்றை ஒருங்குவைத்து, விலங்கின்மேல் இவை எவ்வாறு குற்றஞ்சாற்றுகின்றன, அல்லது சாற்றாதொழிகின்றன என்று ஆராய்ந்தவர் அரியர். அவ்வாராய்ச்சியே ஈண்டு மேற்கொள்ளப்படுகின்றது.

முதலாவது பேரூர். தொண்டாமுத்தூருக்கு அணித்தாய், நொய்யல் எனப்படும் காஞ்சிமாநதிக் கரையில் அமைந்தது அத்தலம். அதன் வரலாற்றை 18-ஆம் நூற்றாண்டிற் கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணமாக விரித்தருளினார். படைப்புத் தொழிலை விரும்பிய காமதேனு அங்கே புற்றிடங்கொண்ட பெருமானுக்குப் பால் சொரிந்து வழிபட்டது. அதன் கன்றாகிய பட்டி, துள்ளி விளையாடிய காலத்தில், புற்றின்மேற் குளம்பை ஊன்றியது, புற்று சிதைந்தது, பெருமான் திருமுடியிற் குளம்பின் சுவடு படிந்தது. தாய்ப்பசு நடுங்கியது. பெருமானோ, உமையம்மை தழுவிய வடுவைத் தாம் ஏற்றவாறே கன்றின் சுவட்டையும் ஏற்றதாக அருளி, அச்சுவட்டை அழியாது வைத்துக் கொண்டார். பட்டீசுவரர் என்னும் திருப்பெயரும் அதனால் வந்தது.

இவ்வரலாற்றைச் சொற்பொழிவாளர் பெரும்பாலும் பெருமானது பொறுமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறி முடிப்பர். அது போதாது. பொறுத்தல் என்பது குற்றம் உண்டென்று கொண்டபின் நிகழ்வது. ஈண்டு குற்றமே கொள்ளப்படவில்லை. கச்சியில் அம்மை தழுவியது அன்பின் செயல். கன்று மிதித்தது அறியாமையின் செயல். இவ்விரண்டையும் ஒரு தட்டில் வைத்துப் பெருமான் ஏற்றார் எனின், அறியாது செய்த விலங்கின் செயல் குற்றம் என்னும் பெயர்க்கே உரியதன்று என்பது போதரும். பொறுத்தருளியது எனக் கூறுவார் கன்றைச் சிறியதாக்கிப் பெருமானைப் பெரியவராக்குகின்றனர். புராணமோ கன்றை அம்மையோடு ஒப்பவைத்துப் பேசுகின்றது.

இதற்கு மறுதலையாய் அத்திருக்கோயிலிலேயே வேறொரு விலங்கின் வரலாறும் வழங்குகின்றது. நம்பியாரூரர் பேரூருக்கு எழுந்தருளியபோது, பெருமானும் அம்மையும் உழவர் வடிவந்தாங்கி வயலில் நாற்று நடச் சென்றனர். தாம் சென்ற இடத்தை ஆரூரருக்கு உரைத்தல் கூடாது என்பது நந்திக்கு இட்ட ஆணை. நந்தியோ அவ்விடத்தைக் குறிப்பாற் காட்டிவிட்டது. பெருமான் மண்வெட்டியால் அதன் தாடையில் வெட்டினார் என்பது தலவரலாறு. கன்றின் மிதிக்குத் தழுவலோடொத்த ஏற்பு. நந்தியின் குறிப்புக்கு மண்வெட்டியின் வெட்டு. இவ்வேறுபாடு என்னை? எனின், நந்தி ஆணையை அறிந்தது; கன்று ஒன்றும் அறியாதது. உருவத்தால் இரண்டும் ஓரினமே. அறிவால் வேறு. ஆகவே தண்டத்தின் அளவு உருவத்தைப் பற்றியதன்று, அறிவைப் பற்றியது என்னும் நெறி ஒரே கோயிலின் இரு வரலாறுகளாலும் நிலைநாட்டப்படுகின்றது.

அற்றேல், அக்கோயிற் கனகசபைத் தூண்களில் யானையுரி போர்த்த மூர்த்தியின் உருவம் நிற்கின்றதே. யானையை உரித்தவர் யானைக்கு அருளுமாறு யாங்ஙனம்? எனின், கூறுதும். 17-ஆம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் மரபினரான அளகாத்திரி நாயக்கர் காலத்தில் எழுந்த அச்சபையின் சிற்பங்கள் தென்னாட்டுச் சிற்பத்திறனுக்கு உச்சமாக மதிக்கப்படுவன. அங்கே உரிக்கப்படும் யானை காட்டில் மேயும் யானையன்று. தாருகவனத்து முனிவர் தம் செருக்கினால் வேள்வித்தீயினின்றும் எழுப்பி ஏவிய யானை அது. அதனுள் இருந்தது விலங்கின் பசியன்று, கற்றார் அகந்தை. ஆணவமலத்தின் உருவமாக அதனைக் கொள்ளுதல் சைவ மரபு. ஆகவே அச்சிற்பமும் முற்கூறிய நெறிக்கு மாறாகாமல் அதனையே வலியுறுத்துகின்றது. உரிக்கப்பட்டது முனிவரின் செருக்கு. அதனைக் காட்டி, வாழைத்தோட்டத்துக்கு வந்த யானையை வதைத்தற்கு நியாயந்தேடுவார் சிற்பத்தையும் அறியாதவர், சித்தாந்தத்தையும் அறியாதவர்.

பேரூரின் பெருமைகளுள் இன்னும் ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. அங்கே இறக்கும் உயிர்கள் வலச்செவி மேலாகக் கிடந்து இறக்கும் என்றும், பெருமான் அச்செவியில் ஐந்தெழுத்தை ஓதுவர் என்றும் மரபு உரைக்கும். மனிதருக்கு மட்டுமன்றி ஏனைய உயிர்களுக்கும் இஃது உண்டென்பதே அம்மரபின் சிறப்பு. ஐந்தெழுத்தைக் கேட்டற்குரியதாகிய செவி விலங்குக்கும் உண்டெனின், வீடுபெறுதற்குரியதாகிய உயிரும் அதற்கு உண்டென்பது சொல்லாமலே அமையும். மேனாட்டில் டெக்கார்ட்டு என்னும் மெய்ந்நூலாசிரியர் (1596–1650) விலங்குகளை உயிரறிவில்லாத பொறிகளோடு ஒப்ப மதித்தார். அவற்றால் நினைக்க இயலுமா, பேச இயலுமா என்பதன்று வினா, துன்புற இயலுமா என்பதே வினா என்று ஆங்கில நாட்டுப் பெந்தம் என்பார் 1789-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். மனிதருக்கும் விலங்குக்கும் உள்ள உறவை ஆராயும் தனித்துறை அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வேரூன்றியது. பேரூர் மரபோ விலங்கு துன்புறும் என்பதோடு நில்லாமல், அது வீடுபெறும் என்றும் கொண்டது.

இரண்டாவது, திருப்புக்கொளியூர் அவிநாசி. பேரூரிற் கண்ட விலங்கு ஒருவர்க்கும் தீங்கு செய்யாத கன்று. அதனிடத்து அருள் காட்டுதல் எளிது எனலாம். அவிநாசியிலோ விலங்கு ஒரு தாயின் மகனை விழுங்கியது. ஐயாண்டு நிரம்பிய சிறுவர் இருவர் நீராடச் சென்றனர். ஒருவனை முதலை கொண்டுபோயிற்று. ஆண்டுகள் கழிந்தபின் நம்பியாரூரர் அவ்வூர்க்கு எழுந்தருளியபோது, ஒரு மனையிற் பிழைத்த மகனுக்கு உபநயன மங்கலவொலியும், எதிர்மனையில் மகனை இழந்தாரின் அழுகையொலியும் ஒருங்கு கேட்டன. இழந்த பெற்றோர் தம் துயரை மறைத்து முகமலர்ந்து வந்து அடியாரை வணங்கினர் என்று சேக்கிழார் பெருமான் காட்டும் இடம் பெரியபுராணத்துள் நெஞ்சுருக்கும் இடங்களுள் ஒன்று. ஆரூரர் அக்குளக்கரை சென்று பதிகம் பாடினார். முதலை பிள்ளையை, கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடும் கரையிற் கொண்டுவந்து தந்தது.

இவ்வரலாற்றில் ஆராயத்தக்கன இரண்டு. ஒன்று, மனிதரின் இழப்பு சிறிதும் இலேசாக்கப்படவில்லை என்பது. விலங்குக்கு அருளுதல் வேண்டும் என்பார் சிலர், பிள்ளையை இழந்தாரது அழுகையைக் கேளாதார் போல நடப்பர். ஆரூரர் அவ்வாறு செய்திலர். அழுகையொலி கேட்டு வினாவினார், தங்கினார், பாடினார். மற்றொன்று, முதலை கொல்லப்படவில்லை என்பது. பாட்டு எழுந்தது பெருமானை நோக்கி. வேண்டப்பட்டது பிள்ளையின் மீட்சி. முதலையின் வயிற்றைக் கிழித்தெடுத்தல் என்னும் எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. இழந்தார்க்கு ஈடு வேண்டும், பழி வேண்டுவதன்று என்னும் வேறுபாடு இதனாற் புலனாகும். ஈடும் பழியும் ஒன்றெனக் கொள்ளுதலே உலகவழக்கிற் காணப்படும் மயக்கம். யானை அடித்து ஒருவன் இறந்தான் என்றவுடன், இறந்தவன் மனையின் நிலை யாதென வினாவாது, அந்த யானையை என் செய்வது என்று மட்டும் கூக்குரலிடுதல் அம்மயக்கத்தின் பயன்.

மூன்றாவது, கருவூர். அத்தலம் ஆனிலை எனப் பெயர்பெற்றது. அங்கெழுந்தருளிய பெருமான் பசுபதீசுவரர். பேரூர் வீடளிக்கும் தலமாதலின், படைப்பு வரத்தைக் கருவூரிற் பெறுக என்று காமதேனுவைப் பெருமான் அங்கே விடுத்தருளினார் என்பது பேரூர் வரலாறு. அவ்வாற்றால் இரு தலங்களும் ஒரு பசுவின் நடையால் இணைக்கப்பட்டன. அந்தக் கருவூரிலேயே எறிபத்த நாயனார் வரலாறு நிகழ்ந்தது. சிவகாமியாண்டார் என்னும் முதியவர் பெருமானுக்குப் பூக்கொய்து பூங்கூடையுடன் வந்தார். மகாநவமிக்கு முன்னாள். புகழ்ச்சோழரது பட்டத்து யானை ஆற்றில் நீராடி, மதம் பொழியத் தெருவில் விரைந்து வந்து, அப்பூவைப் பறித்துச் சிந்தியது. முதியவர் வீழ்ந்து அலமந்தார். எறிபத்தர் மழுவேந்தி யானையைத் தொடர்ந்து சென்று அதனை வீழ்த்தினார்; மேலிருந்த பாகர் இருவரையும், உடன்சென்ற குத்துக்கோற்காரர் மூவரையும் வீழ்த்தினார்.

இவ்வரலாறு இரு திறத்தாராற் பிழைபடப் படிக்கப்படுகின்றது. ஒரு திறத்தார், 'சில பூக்களுக்காக ஒரு யானையும் ஐந்து மனிதரும் கொல்லப்பட்டனரே. இது கொடுமையன்றோ' என்று இகழ்வர். மற்றொரு திறத்தார், மழுவின் வீரத்தையே எடுத்தெடுத்துப் புகழ்ந்து அதனோடு அமைவர். இகழ்வாரும் புகழ்வாரும் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றனர். யானை வீழ்ந்த இடத்தோடு வரலாறு முடிந்ததாகக் கொள்கின்றனர். சேக்கிழாரோ அங்கு முடித்திலர். அவர் காட்டும் வரலாறு உண்மையில் அங்கேதான் தொடங்குகின்றது.

எறிபத்தர் கூறிய காரணத்தை உற்றுநோக்குக. யானை பூவைச் சிந்தியது. பாகரும் குத்துக்கோற்காரரும் அதனை விலக்காது விட்டனர். விலங்கோடு நில்லாமல், விலக்கற்குரியாரையும் அவர் சேர்த்தெண்ணினார். குற்றம் ஒரு படி மேலேறிற்று. அடுத்துப் புகழ்ச்சோழர் வந்தார். பகைவரைத் தேடி வந்தவர் அடியாரைக் கண்டு, நிகழ்ந்ததை வினாவி அறிந்து, 'யானையையும் பாகரையும் கொன்றது இப்பிழைக்குப் போதாது. என்னையும் கொல்லுதல் வேண்டும்' என்று தம் வாளை நீட்டினார். யானை அவருடையது, பாகர் அவருடைய ஏவலர், ஆகவே பிழையும் தம்முடையதே என்பது அவர் துணிபு. குற்றம் மற்றொரு படி மேலேறிற்று. மன்னர் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வாரோ என்று அஞ்சி எறிபத்தர் வாளை வாங்கினார். வாங்கியவர், இத்துணை அன்புடையார்க்குத் தீங்கு செய்தேனே என்று அவ்வாளைத் தம் கழுத்தில் வைத்தார். தண்டித்தவர்மேலேயே குற்றம் ஏறிற்று. அந்நிலையிற்றான் வானொலி எழுந்தது, யானையும் எழுந்தது, பாகரும் எழுந்தனர், பூங்கூடையும் நிறைந்தது.

ஆகவே இவ்வரலாற்றின் நடை கீழிருந்து மேலாகச் செல்வது: விலங்கு, பாகர், மன்னர், அடியார். அறிவு மிகுமிடமெல்லாம் பொறுப்பும் மிகுகின்றது. ஒவ்வொருவரும் தமக்குக் கீழுள்ளாரைச் சுட்டி நின்றுவிட்டிருப்பின் யானை இறந்தே கிடந்திருக்கும். ஒவ்வொருவரும் தம்மையே சுட்டிக்கொண்டமையால் யானை உயிர்பெற்றது. இதுவே கருவூர் வரலாற்றின் உட்கிடை. மதம் என்பது ஆண்யானைக்குக் காலந்தோறும் இயல்பாய் வரும் உடல்நிலை என்பது இக்கால விலங்கியலும் உடன்பட்ட உண்மை. மதங்கொண்ட யானையை விழாக்கூட்டத் தெருவழியே கொண்டுவந்தது மனிதர் செயல். சேக்கிழார் மதத்தையும் கூட்டம் சிதறியதையும் விதந்து கூறியது யானையை இகழ்தற்கன்று, காவாதாரைக் காட்டுதற்கென்க.

இம்மூன்று வரலாறுகளுக்கும் அடிநிலையாவது சித்தாந்தப் பொருளே. உயிர்கள் தத்தம் வினைக்கேற்ப எண்பத்துநான்கு நூறாயிர யோனிபேதங்களிற் பிறந்து உழலும் என்று நூல்கள் கூறும். விலங்குடம்பில் உயிர் பெரும்பாலும் முன்னை வினையை நுகர்கின்றது. நன்று தீது ஆய்ந்து புதுவினை ஈட்டும் ஆற்றல் அவ்வுடம்பில் விளங்குவதில்லை. மனிதவுடம்பில் அவ்வாற்றல் விளங்கும். அதனாலன்றோ மானிடப் பிறவி அரிதென்று போற்றப்பட்டது. அரிதென்பது பிறவுயிர்களை ஆளும் உரிமைபற்றியன்று, பொறுப்பேற்கும் தகுதிபற்றி. தொல்காப்பியம் மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகுத்தது. அவ்விடத்து உரைமரபில் யானை முதலிய சில விலங்குகளை ஆறறிவின் எல்லையிற் சேர்த்துரைத்தலும் உண்டு. யானைக்கு ஓரளவு அறிவு கொடுத்துக் கூறினும், காட்டின் எல்லை எது, பட்டா நிலத்தின் எல்லை எது என்று அதற்கு அறிவித்தவர் ஒருவருமில்லை. ஆணை அறியாத கன்றின் நிலையே அதன் நிலை.

இத்துணிபுடன் மீண்டும் தொண்டாமுத்தூர்ப் புறத்தை நோக்குக. அதற்கு வடக்கே, மருதமலைக்கு அப்பால், தடாகம் பள்ளத்தாக்கில் உலவிய ஓர் ஆண்யானையை மக்கள் 'சின்னத்தம்பி' என்று அழைத்தனர். 2019 ஜனவரியில் அது மயக்கமருந்து செலுத்திப் பிடிக்கப்பட்டு, ஆனைமலைத் தொடரில் டாப்சிலிப்பை அடுத்த காட்டில் விடப்பட்டது. சின்னாளில் அது காட்டினின்றும் இறங்கி, நெடுந்தூரம் நடந்து, உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களை அடைந்தது. பெப்ருவரியில் மீண்டும் பிடிக்கப்பட்டு, வரகளியாற்றில் மரக்கூண்டில் அடைக்கப்பட்டு, பின்னர்க் கும்கியாகப் பயிற்றப்பட்டது. தன் இனத்தைத் துரத்துதற்குரிய கருவியாக ஒரு காட்டியானை ஆயிற்று. 2025 அக்டோபரில் தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலேயே 'ரோலக்ஸ்' என மக்கள் பெயரிட்ட ஆண்யானை அவ்வாறே மயக்கமருந்து செலுத்திப் பிடிக்கப்பட்டது. இவை பிடித்தாரைப் பழித்தற்குக் கூறப்பட்டன அல்ல. ஊரார் உயிர் காத்தல் அவர் கடமை. ஆயினும், இச்செயல்கள் யாவும் கருவூர் வரலாற்றின் முதற்படியிலேயே நிற்பன. யானை வீழ்ந்தது, அடுத்த படியில் ஏறியவர் எவர்?

அடுத்த படி எதுவென்று காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 2025 மே மாதத்தில் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண்யானை நோயுற்று வீழ்ந்தது. மருத்துவம் செய்தும் அது பிழைத்திலது. உடலை அறுத்து ஆய்ந்தபோது வயிற்றினுள்ளே கருவும் இருந்தது. நெகிழிக் குப்பையும் இருந்தது. முருகப்பெருமான் வீற்றிருக்கும் மலையின் அடியில், மனிதர் எறிந்த குப்பையைத் தின்ற தாயானை கருவோடு மாண்டது. அந்நெகிழியை எறிந்தவர் காட்டில் வாழ்வார் அல்லர். அவருட் சைவரே இல்லை என்று துணிந்து கூறுதற்கும் இயலாது. கோயில் வாயிலில் நிற்கும் யானையின் துதிக்கை தலைமேற் படுதலை ஆசியென்று ஏற்பவரே, மலைவழியில் உண்டதன் பையை வீசிச் செல்கின்றனர். வெள்ளியங்கிரிக்கு ஏறுவாரும் யானையின் வீட்டுவழியே செல்கின்றவர்தாம். அடியவர் வழிபாட்டுக்குச் செல்லும் வழியில் யானை பூவைச் சிந்தியது அன்று. யானை உணவுக்குச் செல்லும் வழியில் அடியவர் நஞ்சைச் சிந்துவது இன்று. எறிபத்தர் இன்று மழுவெடுப்பின் எவரைத் தொடர்வார் என்பது சிந்திக்கத்தக்கது.

'எனின், உழவன் தன் வாழையை யானைக்கு விட்டுவிட்டுப் பட்டினி கிடப்பதா?' என்று வினாவுவார் உளர். இவ்வினா நேர்மையானது, இதனைத் தள்ளிவிடுதல் அவிநாசியின் அழுகையொலியைக் கேளாதொழிதலேயாம். வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழையுணவு கொள்வது. ஒரு கூட்டம் ஓரிரவு புகின் ஓராண்டு உழைப்பு போய்விடும். கடன்பட்டுக் கன்று நட்டவனை நோக்கி 'யானையும் பசுவே, நீயும் பசுவே' என்று தத்துவம் உரைத்தல் அருளாகாது. கருவூர் வரலாறு உழவனிடம் கேட்பதும் அதுவன்று. அங்கே பொறுப்பேற்றவர் பூவை இழந்த முதியவர் அல்லர்; யானையை உடையவரும் அதனைக் காத்தற்குரியவருமே. இழந்தவர்க்குக் கூடை நிறைந்தது.

ஆகவே இன்று பொறுப்பு ஏறவேண்டுவது உழவன்மேலன்று, அவனுக்கு மேலுள்ளார்மேல். மலையடிவாரத்து மண்ணையும் வழித்தடத்தையும் விலைப்பொருளாக்கி மனைகளாகப் பிரித்தவர். காற்று நன்றென்று அங்கே மாளிகை எடுத்தவர். குப்பையை அடிவாரத்திற் கொட்டியவர். அழிந்த பயிர்க்குரிய ஈட்டை உரிய காலத்தில் உரிய அளவில் கொடாது நீட்டிப்பவர். அவ்வுழவன் காய்ச்சிய வியர்வையில் விளைந்த வாழைப்பழத்தை நகரத்தில் மலிவாக வாங்கி உண்பவர் என இவரெல்லாம் அப்படியில் நிற்பவர். யானை நாட்டின் பாரம்பரிய விலங்கு என்று 2010-இல் அறிவிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஆம் ஆண்டு முதல் உள்ளது. சட்டத்தால் யானை நாட்டார் அனைவரின் உடைமையெனின், அதன் பிழையும் நாட்டார் அனைவரின் பிழையே. அப்பிழைக்கு ஈடு செலுத்துங் கடனும் அனைவருடையதே. புகழ்ச்சோழர் 'யானை என்னுடையது' என்று கூறி வாளை நீட்டினார். உடைமையை மட்டும் ஏற்று ஈட்டைக் காட்டோரத்து ஏழை உழவன் தலையிற் கட்டுதல் அவர் வழிப்பட்டார்க்கு அழகன்று.

சைவர்க்கு இதில் தனிக்கடன் உண்டு. கோயில்களிலும் மடங்களிலும் இவ்வரலாறுகளை விரிப்பார், எறிபத்தர் மழுவோடு நின்றுவிடாது, புகழ்ச்சோழர் நீட்டிய வாளையும், எறிபத்தர் தம் கழுத்தில் வைத்த வாளையும் சேர்த்துரைத்தல் வேண்டும். பட்டியின் குளம்பைப் பொறுமைக்கு மட்டும் எடுத்துக்காட்டாக்காது, நந்தியின் தாடையையும் உடன்வைத்து, அறிந்தவர்க்கே தண்டம் என்னும் நெறியை விளக்குதல் வேண்டும். மலைவழிபாட்டுக்குச் செல்வாரை நெகிழியின்றிச் சென்று மீளச் செய்தல், திருவீதியைத் தூய்மை செய்வதோடொத்த திருத்தொண்டாகக் கொள்ளப்படுதல் வேண்டும். உழவாரம் ஏந்திய அடிகளின் வழிவந்தோர்க்கு இது புதிதன்று.

பேரூரின் நொய்யல் வெள்ளியங்கிரியிற் பிறந்து, தொண்டாமுத்தூர்ப் புறத்தை நனைத்து, பட்டீசுவரர் திருமுன் ஓடி, கருவூர்ச் சீமையிற் காவிரியொடு கலக்கின்றது. அவ்வாற்றின் தலைப்பில் யானை நீருண்கின்றது. இடையில் ஒரு கன்றின் குளம்புச்சுவடு திருமுடிமேல் நிற்கின்றது. கடைப்புறத்தில் வீழ்ந்த யானை எழுந்த ஊர் உள்ளது. எழுந்த பின்னர் எறிபத்தர் புகழ்ச்சோழரை வணங்கி, அவ்யானைமேலேயே அவரை ஏற்றினார். குற்றத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவரையே யானை தன்மேல் ஏற்றுக்கொண்டது என்பதே அவ்வரலாற்றின் முடிவு.